சொந்தமா, வாடகையா?

நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசல் நிலைக்கு மேலே காவிக் கட்டியால் எழுதிய ஓர் எண் வெகுநாள் அழியாமல் இருந்தது. பொங்கலுக்கு வெள்ளையடிக்க வருகிறவர் அதன்மேல் மட்டையை ஓட்டப் போனால் அம்மா ஓடி வந்து தடுப்பார். "அது சர்க்கார் நம்பருப்பா. அழிச்சா நாளைக்கு யாரு பதில் சொல்றது?"

1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு முன்னால் வீட்டுப்பட்டியல் எடுக்க வந்தவர் எழுதிவிட்டுப் போன எண் அது. எனக்கு அப்போது ஆறு வயது. அவர் தோளில் தொங்கிய துணிப்பையும், மடியில் விரித்த அகலமான தாளும்தான் நினைவில் நிற்கின்றன. மற்றதெல்லாம் அம்மா சொன்னது. சுவர் எதனால் ஆனது, கூரை எதனால் ஆனது, எத்தனை அறை என்று கேட்டு வரிசையாக எழுதிக்கொண்டு வந்தவர், "சொந்த வீடா, வாடகை வீடா?" என்று கேட்டிருக்கிறார். முதல் ஷிப்ட் முடிந்து வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்த அப்பா, "ரெண்டும் இல்லீங்க. வேலைக்குக் குடுத்த வீடு" என்றாராம். வந்தவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார்.

"சம்பளத்துல பிடிக்கிறாங்களா?"

"பிடிக்கிறாங்க."

"அப்ப வாடகை."

அம்மா சாகும்வரை இதைச் சொல்லிச் சிரிப்பார். பிறகு நானே அந்தப் பையை மாட்டிக்கொண்டு மூன்று முறை வீடு வீடாக ஏறி இறங்கினேன்: 1990, 2000, 2010. ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியைக்குத் தேர்தல் வேலையும் சென்சஸ் வேலையும் கூடப் பிறந்தவை. மூன்று முறையும் இந்த ஊர் எனக்குச் சொன்ன பதில் அப்பா சொன்னதுதான்.

1961-இல் நெய்வேலி எப்படி இருந்தது என்று இப்போதுள்ள பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது 1930-களின் நடுவில். பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவானது 1956 நவம்பரில். 1957 மே 20-ஆம் தேதி பிரதமர் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். ஆனால் மேல்மண்ணை அகற்றி, அடியிலிருந்து பீறிடும் ஊற்றுநீரை இரவும் பகலும் இறைத்துக்கொட்டி, பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது 1961 ஆகஸ்டில்தான். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அந்த ஆண்டு மார்ச்சோடு முடிந்துவிட்டது. நிலக்கரியின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே எங்கள் வீட்டுச் சுவரையும் கூரையையும் அரசாங்கம் எண்ணி முடித்திருந்தது. முந்திரித் தோப்பும் பலா மரங்களும் இருந்த செம்மண்ணில், நூல் பிடித்த மாதிரித் தெருக்கள். தெருக்கள் சேர்ந்தால் வட்டம். முகவரி கேட்டால் ஊர்ப்பெயரோ தெருப்பெயரோ வராது, வட்டத்தின் எண்தான் வரும். இன்றைக்கும் அப்படித்தான்.

வீட்டை எண்ணுவது இந்த நாட்டுக்குப் புதிதல்ல. 1871-இல் சென்னை மாகாணத்தில் கார்னிஷ் என்ற அதிகாரியின் பொறுப்பில் நடந்த கணக்கெடுப்பிலேயே வீடுகளைத் தளம், ஓடு, கூரை என்று பிரித்தார்கள். வீட்டைப் பார்த்தே குடும்பத்தின் நிலையைச் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை அது. எங்கள் தென்னார்க்காட்டுக்கு இதில் இன்னொரு பெருமையும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி எழுதவைத்து 1918-இல் ஒரு நூல் கொண்டுவந்தார். அதில் வரும் ஊர்களில் ஒன்று நம் பக்கத்து இருவேல்பட்டு. அந்த ஊரை 1930-களில் மறுபடியும் போய்ப் பார்த்தார்கள், பிறகும் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போனார்கள். ஒரே ஊரைத் தலைமுறைக்கு ஒருமுறை போய்க் கதவு தட்டுகிற அந்தப் பழக்கம் எனக்குப் பிடிக்கும். நாங்கள் செய்ததும் ஏறக்குறைய அதுதான், எங்களுக்குப் புத்தகத்தில் பெயர் வரவில்லை, அவ்வளவே.

ஆனால் சுதந்திர இந்தியாவில் நாடு முழுக்க ஒரே மாதிரி படிவத்தில் சுவர், கூரை, அறை, சொந்தம், வாடகை என்று வீட்டைத் துருவியது 1961-இல்தான் தொடங்கியது. அதற்கு முன்பு பெரும்பாலும் வீடு என்பது ஆட்களை எண்ணுவதற்கு ஒரு முகவரி. 1961-க்குப் பிறகு வீடே ஒரு கேள்வியாகிவிட்டது.

நான் முதன்முதலாகப் பையை மாட்டியது 1990-இல். வீட்டுப்பட்டியல் எடுப்பதற்கு முன்னால் எங்களுக்குக் கொடுத்த பகுதிக்கு வரைபடம் போட வேண்டும். பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்தது எளிது: கெட்டியான வீட்டுக்குச் சதுரம், கூரை வீட்டுக்கு முக்கோணம், குடியிருப்பு இல்லாத கட்டடம் என்றால் உள்ளே கோடு போட்டு நிரப்ப வேண்டும். எண் போடுவதை வடமேற்கு மூலையிலிருந்து தொடங்க வேண்டும். "வாயு மூலையிலயா ஆரம்பிக்கிறது, ஈசானியத்துல ஆரம்பிச்சா ஆகாதா?" என்று கேட்ட சக ஆசிரியர் ஒருவரை மேற்பார்வையாளர் முறைத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

எனக்குக் கிடைத்த பகுதி நகரியத்தின் ஓரம். பாதி குவார்ட்டர்ஸ், பாதி வேலிக்கு வெளியே. முதல் நாள் முழுக்கச் சதுரம் போட்டேன். சதுரத்துக்குப் பக்கத்தில் சதுரம், எதிரே சதுரம், கணக்கு நோட்டுத் தாள் மாதிரி. இரண்டாம் நாள் வேலியைத் தாண்டினதும் என் பென்சில் முக்கோணமாகப் போடத் தொடங்கியது. ஒப்பந்த வேலைக்கு வந்தவர்கள், மண் வேலைக்கு வந்தவர்கள், மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர்கள், குவார்ட்டர்ஸ் வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறவர்கள். வீட்டுக்கு வந்து அந்தத் தாளை விரித்துப் பார்த்தபோதுதான் நான் பிறந்து வளர்ந்த ஊரின் உருவம் எனக்கே தெரிந்தது. நடுவில் ஒரு கோடு, கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு முக்கோணம்கூட இல்லை, அந்தப் பக்கம் சதுரத்தைத் தேட வேண்டும். இதை நான் யார் மேலும் குறையாகச் சொல்லவில்லை. அளவுக்கு மேல் நீட்டாமல் படம் சொன்னதைச் சொல்கிறேன்.

சதுரமும் முக்கோணமும்கூடப் பரவாயில்லை. கஷ்டம் அடுப்பில் இருந்தது.

சென்சஸ் கணக்கில் குடும்பம் என்றால் ரத்த உறவு அல்ல. ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். ஒரு கூரைக்குக் கீழே இரண்டு உலை கொதித்தால் இரண்டு குடும்பம். இவ்வளவு தெளிவான இலக்கணம் வேறு எதற்கும் கிடையாது என்று நினைப்பேன். ஊர்ப் பெரியவர்கள் பாகப்பிரிவினையைப் பற்றிப் பேசும்போது "அவங்க தனியா உலை வச்சிட்டாங்க" என்பார்களே, அதே இலக்கணம்தான். ஆனால் குவார்ட்டர்ஸில் உலையின் எண்ணிக்கையைச் சொல்ல ஆட்களுக்குப் பயம். வேலையில் இருப்பவருக்கும் அவர் குடும்பத்துக்கும் கொடுத்த வீடு அது. அதில் பின்கட்டில் தடுப்புப் போட்டு இன்னொருவர் இருந்தால்?

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அந்த அம்மா மோர் கொடுத்தார். ஐந்து பேர் என்றார், எழுதினேன். எழுதிக்கொண்டிருக்கும்போதே பின்பக்கத்திலிருந்து பம்ப் ஸ்டவ் அடிக்கிற சத்தம் கேட்டது. அந்த அம்மாவோ என் கண்ணெதிரில் முன்கட்டில் உட்கார்ந்திருக்கிறார். "உள்ள யாருங்க?" என்றேன். "எங்க வீட்டுக்காரரு அண்ணன் மகன். காலேஜு போறான்." "அவருக்கு நீங்கதான் சமைக்கிறீங்களா?" கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு மெதுவாக, "டீச்சர், ஒரே அடுப்புன்னே போட்டுடுங்க" என்றார். ஸ்டவ் சத்தம் நின்றுவிட்டது.

1948-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தைப் பற்றி அவருக்குச் சொன்னேன். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒருவர் சொன்னதை வேறு எந்த அலுவலகமும் கேட்டு வாங்கிப் பார்க்க முடியாது, கோர்ட்டில்கூடச் சாட்சியமாக வைக்க முடியாது என்று அதன் 15-ஆம் பிரிவு சொல்கிறது. பயிற்சி வகுப்பில் இதை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள், எதற்கென்று அன்றைக்குத்தான் புரிந்தது. அந்த அம்மா நான் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "சட்டம் சரிங்க டீச்சர். பக்கத்து வீட்ல கேட்டுட்டா?" என்றார். என்ன எழுதினேன் என்பதை அதே 15-ஆம் பிரிவின் நிழலில் நிற்கும் நான் இங்கே சொல்லக் கூடாது.

அறை விஷயமும் இப்படித்தான். எதை அறை என்று எண்ணுவது என்பதற்குப் பிந்தைய கையேடுகளில் அளவு கொடுத்திருந்தார்கள்: நீளம் 2 மீட்டருக்கும் அகலம் ஒன்றரை மீட்டருக்கும் குறையக் கூடாது, உயரம் 2 மீட்டர் இருக்க வேண்டும். அதாவது ஓர் ஆள் காலை நீட்டிப் படுத்து, எழுந்து நிமிர்ந்து நிற்க முடிய வேண்டும். சமையல்கட்டு, குளியலறை சேராது. இங்கிலாந்தில் 1891 கணக்கெடுப்பிலேயே ஐந்து அறைக்குக் குறைவான வீடுகளில் அறை எத்தனை என்று கேட்டார்களாம், நெருக்கடியை அளக்க. நெய்வேலியில் நெருக்கடி முன்பக்கத் திண்ணையில் தெரியும். பையன் பெரியவனானதும் திண்ணையைத் தட்டி வைத்து அடைத்து, ஒரு கட்டிலும் மின்விசிறியும் போட்டுவிடுவார்கள். அளந்து பார்த்தால் ஒன்றரை மீட்டருக்கு நாலு விரல்கடை குறையும். பையன் முழங்காலை மடக்கிக்கொண்டு பொறியியல் படித்து முடித்தான். படிவத்தில் அவன் அறை இல்லை.

2000-இல் எடுத்த பட்டியலில் ஒரு கேள்வி வந்தது, அதைக் கேட்க எனக்குக் கூச்சம். இந்த வீட்டில் திருமணமான தம்பதிகள் எத்தனை, அவர்களில் எத்தனை பேருக்குத் தனியாகப் படுக்க அறை இருக்கிறது? வீட்டு வசதியைப் பற்றி அரசு கேட்ட கேள்விகளிலேயே உண்மையான கேள்வி இதுதான் என்பது என் கட்சி. ஆனால் கேட்கிறது யார்? அந்த வீட்டுப் பிள்ளைக்கு மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த டீச்சர். மாமியார் திண்ணையில் முறத்தோடு உட்கார்ந்திருக்க, புதுமருமகள் கதவோரம் நிற்க, நான் தாளைப் பார்த்துக்கொண்டே கேட்பேன். மாமியார் "அதெல்லாம் இருக்குங்க" என்பார். மருமகள் தரையைப் பார்ப்பார். 2010 படிவத்தில் தம்பதிகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு அறைக் கேள்வியை எடுத்துவிட்டார்கள். என்னைப் போல எத்தனை டீச்சர்கள் புகார் சொன்னார்களோ.

அடுப்பு எரிபொருளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1991 கணக்கெடுப்பில் இந்தக் கேள்வி புகுந்தது. விறகு, வறட்டி, மண்ணெண்ணெய் என்று அடுக்கிய பட்டியலில் நிலக்கரியோடு சேர்த்து பழுப்பு நிலக்கரியும் ஒரு சொல்லாக இருந்தது. இந்தியா முழுக்க அச்சடித்த தாளில் எங்கள் ஊர்ச் சரக்கு! லெகோ என்று ஒரு கரி இங்கே செய்து தமிழ்நாடெங்கும் விற்றது பழைய ஆட்களுக்குத் தெரியும். மூட்டையில் வரும். பற்றவைக்கத்தான் பொறுமை வேண்டும், பிடித்துவிட்டால் இட்லி, சாம்பார், குளிக்க வெந்நீர் எல்லாம் ஒரே மூச்சில் ஆகிவிடும். வட்டத்துக்குள் நான் கேட்ட வீடுகளில் அப்போதே பெரும்பாலும் காஸ் வந்திருந்தது. லெகோ எரிந்தது ஓரத்து டீக்கடையில். பின்னாளில் அந்த ஆலையும் மூடிப்போனது. படிவத்தில் அந்தச் சொல் மட்டும் 2011 வரை தொடர்ந்து வந்தது.

2010-இல் நிலைமை வேறு. அந்த ஆண்டுதான் கூரை வீடுகளைக் காங்கிரீட் வீடுகளாக மாற்றும் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. 21 லட்சம் குடிசைகள் என்பது கணக்கு. அதற்காகக் குடிசைகளைத் தனியே எண்ணி முடித்த சூட்டோடு நாங்கள் சென்சஸ் பையோடு போய் நின்றோம். மக்களுக்கு இரண்டு கணக்கும் ஒன்றுதான். "போன மாசந்தானே எழுதிட்டுப் போனாங்க, வீடு எப்ப வரும் டீச்சர்?" நான் கூரையைக் கேட்டால் சுவரிடிந்த கதையையும் சேர்த்துச் சொன்னார்கள். ஓட்டு வீட்டில் இருந்தவர் ஒருவர் பின்பக்கம் இழுத்துக் கட்டியிருந்த கீற்றுத் தாழ்வாரத்தைக் காட்டி, "இதத்தான் வீடுன்னு எழுதணும், முன்னாடி இருக்கறது எங்கப்பா வீடு" என்று வாதாடினார். வீட்டின் நிலை நன்றாக இருக்கிறது, வாழத்தக்கது, பாழடைந்தது என்று மூன்று கட்டம் உண்டு. வேலிக்கு உள்ளே எல்லாரும் 'நல்லாருக்கு' என்பார்கள், வெளியே எல்லாரும் 'இடிஞ்சு விழுதுங்க' என்பார்கள். கேள்விக்குப் பின்னால் என்ன வருகிறது என்பதைப் பார்த்து ஜனங்கள் பதில் சொல்கிறார்கள். அதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அடுத்த ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அடித்து, பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தபோது, நான் முக்கோணம் போட்ட வீடுகளில் முக்காலும் தரையோடு கிடந்தன. பிறகு வந்து எழுதினவர்கள் வைத்திருந்த தாளில் இரண்டே கட்டம்: முழுச் சேதம், பகுதிச் சேதம்.

இனி 'சொந்தமா, வாடகையா' என்பதற்கு வருகிறேன். 2010 கையேட்டைப் புரட்டியபோது அப்பா நினைவு வந்தது. வேலை கொடுத்தவர் தந்த வீட்டுக்குச் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்தம் இருந்தாலோ, வீட்டு வாடகைப்படி வாங்காமல் இருந்தாலோ அதை வாடகை என்று எழுதலாம் என்று அச்சிலேயே போட்டிருந்தார்கள். அன்றைக்குக் காதில் பென்சில் செருகியவர் தம் புத்தியால் கண்டுபிடித்த தீர்ப்பு ஐம்பது வருஷம் கழித்து விதியாகி வந்திருந்தது! 2011-இல் இந்தியக் குடும்பங்களில் 86.6 சதவீதம் சொந்த வீடு, 11.1 சதவீதம் வாடகை என்று முடிவு வந்தது. அந்த 11.1-க்குள் பட்டணத்தில் மாதம் பிறந்தால் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்து நடுங்குகிறவரும் இருக்கிறார், சம்பளச் சீட்டில் ஒரு மூலையில் சின்னத் தொகை பிடிபடுவதைக் கவனிக்காமலே முப்பது வருஷம் ஓட்டிய எங்கள் வட்டத்துக்காரரும் இருக்கிறார்.

வாடகை எவ்வளவு என்பதைச் சென்சஸ் கேட்பதே இல்லை. அதைக் கேட்டவர்கள் வேறு. புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸின் முயற்சியால் 1950-இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வு, 1953-54-இல் நடத்திய ஏழாம் சுற்றிலிருந்தே வீட்டைப் பற்றிக் கேட்டுவந்தது. 1973-74-இல் 28-ஆம் சுற்றில் விரிவாகக் கேட்டது. அது தவிர தொழிலாளர் குடும்ப வரவுசெலவு ஆய்வு என்று ஒன்று, 1958-59, 1981-82, 1999-2000 என்று நீண்ட இடைவெளிகளில் நடந்தது. இதன் பெயர் நெய்வேலியில் யாருக்கும் தெரியாது, ஆனால் இதன் பிள்ளையை எல்லாருக்கும் தெரியும். தொழிற்சங்கப் பலகைக்கு முன்னால் நின்று, "பஞ்சப்படி எத்தனை பாயிண்ட் ஏறியிருக்கு?" என்று கேட்காத தொழிலாளி கிடையாது. அந்தப் பாயிண்ட், தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டெண். பொதுத்துறை ஊழியருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை வைத்துத்தான் பஞ்சப்படி மாறும்.

அந்தக் குறியீட்டில் வீட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. 2001-ஐ அடியாக வைத்த வரிசையில் 15.27 சதவீதம், 2016 வரிசையில் 16.87. அரிசி, பருப்பு விலையை மாதாமாதம் பார்ப்பார்கள், வாடகையை மட்டும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, குறித்து வைத்த வீடுகளுக்குப் போய்க் கேட்பார்கள். எங்கே போய்? 2001 வரிசையில் தமிழ்நாட்டு மையங்கள் சென்னை, கோவை, மதுரை, சேலம், திருச்சி, குன்னூர். நெய்வேலி இல்லை. ஆக, சேலத்தில் ஒரு மில் தொழிலாளி வீட்டு வாடகை இருநூறு ரூபாய் ஏறினால், அதில் ஒரு துளி எங்கள் வட்டத்து ஆளின் சம்பளக் கவரில் வந்து விழும். அவர் வீட்டுப் பிடித்தமோ அசையாமல் இருக்கும். பட்டியலில் எங்களுக்கு நெருங்கின உறவு குன்னூர்தான். அங்கே தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளும் வேலையோடு ஒட்டிய வீடுகள்தான். வேலை போனால் வீடும் போகும்.

இந்த வீட்டின் உண்மையான விலை வருகிற நாள் ஒன்று உண்டு. என் கணவர் அனல்மின் நிலையத்தில் 34 வருஷம் வேலை பார்த்து 2008-இல் ஓய்வு பெற்றார். வழியனுப்பு விழாவில் சந்தன மாலை, சால்வை, குடும்பத்தோடு புகைப்படம். வீட்டுக்கு வந்து சால்வையை மடித்துவைத்த கையோடு வீட்டைக் காலி செய்கிற பேச்சு ஆரம்பமானது. கொல்லையில் நான் வைத்த பலா அந்த வருஷம்தான் நன்றாகக் காய்த்திருந்தது. வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை எல்லாம் சேர்ந்து நகரியத்தின் ஆர்ச் கேட்டுக்கு வெளியே வடக்குத்தில் ஒரு மனையாகவும், அதன்மேல் பாதி முடிந்த ஒரு வீடாகவும் மாறின. மீதிப் பாதிக்கு என் ஆசிரியர் சேமிப்பு போனது. 34 வருஷம் கொடுக்காத வாடகையை ஒரே தவணையில் கட்டினோம் என்று அவர் சொல்வார். நான் எடுத்த மூன்று வீட்டுப்பட்டியலிலும் இந்தச் செலவுக்குக் கட்டம் கிடையாது. 'இந்த வீட்டில் இன்னும் எத்தனை வருஷம் இருக்க முடியும்?' என்று எந்தப் படிவமும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், நான் முதல் நாள் போட்ட அத்தனை சதுரங்களுக்கும் பக்கத்தில் ஒவ்வொரு தேதி எழுதியிருக்க வேண்டும்.

ஊரின் கணக்கே இதைச் சொல்கிறது. 2001-இல் ஒன்றேகால் லட்சத்தைத் தாண்டியிருந்த நகரியத்தின் மக்கள்தொகை 2011-இல் 1,05,731 ஆகக் குறைந்தது. கொள்ளைநோயும் வரவில்லை, பஞ்சமும் இல்லை. எங்களைப் போல் ஓய்வு பெற்றவர்கள் சாவியைக் கொடுத்துவிட்டு வடக்குத்து, இந்திரா நகர், மந்தாரக்குப்பம், கடலூர் என்று போனோம். அதே அளவுக்குப் புதிதாக வேலைக்கு எடுக்கவில்லை. என்னைக் கேட்டால் காரணம் அவ்வளவுதான்.

2018-இல் ஒரு நாள் மத்தியானம் கழுத்தில் அடையாள அட்டையோடு ஓர் இளைஞர் வந்தார். தேசிய மாதிரி ஆய்வு, 76-ஆம் சுற்று, எங்கள் வீடு மாதிரியில் விழுந்திருக்கிறது என்றார். முதல் தடவையாக நான் கேள்விக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். தரைப்பரப்பு, தரைமட்டத்திலிருந்து எத்தனை அடி உயரத்தில் வீடு, காற்றோட்டம் நல்லதா சுமாரா மோசமா, சமையலறையில் தண்ணீர்க் குழாய் உண்டா, கழிவுநீர் எங்கே போகிறது... ஒரு மணி நேரம் ஆனது. 'சொந்தம்' என்று அவர் குறித்தபோது மனசுக்குள் ஒரு சின்ன பூரிப்பு. பழக்க தோஷம், கேட்டுவிட்டேன்: "தம்பி, குவார்ட்டர்ஸ்ல இருக்கறவங்களுக்கு என்ன போடுவீங்க?"

அவர் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். சொந்தம் ஒரு பக்கம். வாடகை என்ற தலைப்புக்குக் கீழே மூன்று கிளை: எழுத்து ஒப்பந்தத்தோடு வாடகை, ஒப்பந்தம் இல்லாத வாடகை, இரண்டுக்கும் முன்னால் தனியாக 'வேலை கொடுத்தவர் தந்த குடியிருப்பு'. அப்பா சொன்ன 'ரெண்டும் இல்லீங்க'-வுக்கு ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் விழ நாங்கள்தான் அங்கே இல்லை.

2021-இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளித் தள்ளி 2027-க்குப் போயிருக்கிறது. இந்த முறை காவிக் கட்டியும் அகலத் தாளும் போய் கைபேசியில் பதிவு. உங்கள் தெருவுக்கும் ஒரு டீச்சர் வருவார், வெயில் நேரத்தில்தான் வருவார், அவருக்கு வேறு நேரம் கொடுத்திருக்க மாட்டார்கள். ஒரு சொம்பு தண்ணீர் கொடுங்கள். பின்கட்டில் இன்னொரு அடுப்பு எரிந்தால் அதையும் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்குக் கேட்காதபடி மெல்லச் சொன்னாலும் போதும், அவர் எழுதிக்கொள்வார்.